எல்லாம் ஒரே ரத்தம்தானே

கிட்வாய் நகர், புது தில்லி
14.7.2025

சௌபாக்கியவதி சியாமளாவுக்கு அக்கா ராஜியின் ஆசீர்வாதம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? உன் அகத்துக்காரர் சுந்தரேஷுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? அனிருத் காலேஜுக்கு ஒழுங்காகப் போகிறானா? நாங்கள் இங்கே சௌக்கியம் என்று வழக்கம்போல எழுதத்தான் பார்த்தேன், முடியவில்லை.

பதறாமல் படி. போன செவ்வாய்க்கிழமை மேதா ஆபீஸுக்கு நேரமாகிவிட்டதென்று ஐ.என்.ஏ. மெட்ரோ படிக்கட்டில் ஓடியிருக்கிறாள். பாதிப் படியில் சுருண்டு விழுந்துவிட்டாள். வழியில் போன யாரோ ஒரு பையாதான் தண்ணீர் தெளித்து எழுப்பி, அவள் போனிலிருந்தே என்னைக் கூப்பிட்டார். வெயில், வெறும் வயிறு, அதுதான் என்று நினைத்தோம். பெரிய ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்த டாக்டர் அப்படி நினைக்கவில்லை. நெஞ்சு ஒரு தடவை துடித்துவிட்டு அடுத்த துடிப்புக்குத் தயாராகக் கொஞ்சம் சுணங்குகிறதாம். ஓடும்போது, பதறும்போது அப்படியே நின்றுபோனாலும் போகுமாம். பிறவியிலேயே வருவது, ஜீன் டெஸ்ட் பண்ண வேண்டும் என்றார். அதோடு, "அம்மா, அப்பா ரெண்டு பேர் ரத்தமும் வேணும்" என்றார்.

உன் வயிற்றில் பிறந்து, பதினோராம் நாள் புண்யாகவாசனத்தன்று என் மடிக்கு வந்தவள் அவள். அம்மாவும் மாமியாரும் போய்ச் சேர்ந்தபிறகு இது நம் நாலு பேரைத் தவிர யாருக்குத் தெரியும்? அவளுக்கே தெரியாது.

அப்புறம் உட்கார்ந்து யோசித்தேன். நீயும் நானும் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள். உன் அகத்துக்காரரும் என் அகத்துக்காரரும் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள். அக்கா தங்கையை அண்ணன் தம்பிக்குக் கொடுத்த குடும்பம். எல்லாம் ஒரே ரத்தம்தானே? யார் கையில் குத்தினால் என்ன? உன் அத்திம்பேரும் நானும் தைரியமாகக் கையை நீட்டிவிட்டோம்.

போன் பண்ணாமல் கடிதம் எழுதுகிறேனே என்று பார்க்காதே. மேதா இப்போது வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்க்கிறாள். என் வாட்ஸாப்பையே அவள்தான் திறந்து படித்துச் சொல்கிறாள். தமிழ் நன்றாகப் பேசுவாளே தவிர, படிக்க வராது. மோதி பாக் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் போடலாம் என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன், உன் அத்திம்பேர் கேட்கவில்லை. இப்போது அதுவே சௌகரியமாகப் போயிற்று. நீயும் கடிதமே போடு.

அன்புடன்,
ராஜி


பாளையங்கோட்டை
24.7.2025

அன்புள்ள அக்காவுக்கும் அத்திம்பேருக்கும் சியாமளா நமஸ்காரம். இங்கே எல்லாரும் நலம், என் முழங்கால் நீங்கலாக.

கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. குழந்தை இப்போது எப்படி இருக்கிறாள்? தனியாக வெளியே விடாதே. படி ஏற விடாதே. இவரிடம் சொன்னேன், எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். நெல்லையப்பருக்கு வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீங்கள் கொடுத்த ரத்தம் செல்லுமா? டாக்டர் கேட்டது பெற்றவர்களுடையதை. நான் வேண்டுமானால் ஏதாவது கல்யாணம் காட்சி என்று சாக்குச் சொல்லிக்கொண்டு தில்லிக்கு வந்து கொடுத்துவிட்டுப் போகிறேனே. அவளுக்குத் தெரிய வேண்டாம். உனக்குக் கொடுத்த சொல்லை நான் இத்தனை வருஷம் காப்பாற்றவில்லையா?

அனிருத்தைக் காலேஜ் நீச்சல் அணியில் எடுத்திருக்கிறார்கள். விடிந்தால் ஸ்டேடியம் குளத்தில்தான் கிடக்கிறான். பெரியம்மாவுக்குச் சொல்லச் சொன்னான்.

உன் தங்கை,
சியாமளா


கிட்வாய் நகர்
20.8.2025

சிரஞ்சீவி சியாமளாவுக்கு ஆசீர்வாதம். எல்லாரும் க்ஷேமமாக இருக்க வேண்டும். இங்கே மழை கொட்டித் தீர்க்கிறது, துணி காயவில்லை.

ரிசல்ட் வந்துவிட்டது. மேதாவுக்கு ஒரு ஜீனில் பிசகு இருக்கிறது. எங்கள் இரண்டு பேருக்கும் அது இல்லை. ஸ்ம்ருதி என்று ஒரு பெண், டாக்டர் இல்லை, இந்த ஜீன் சமாசாரத்தை வீட்டு மனுஷர்களுக்குப் புரியவைப்பதுதான் அவள் வேலை. எங்களை உட்காரவைத்து, "உங்க ரெண்டு பேருக்கும் இல்லாததால இது இவங்ககிட்டே புதுசா உண்டானதுன்னு எடுத்துக்கணும். குடும்பத்துல வேற யாருக்கும் டெஸ்ட் தேவையில்லை" என்று விளக்கினாள். தினம் மாத்திரை போட வேண்டும், தவறவே கூடாது. ஓட்டம் கூடாது. தண்ணீரில் இறங்கவே கூடாதாம், இந்த ஜாதிப் பிசகுக்கு நீச்சல்தான் ரொம்ப ஆபத்தாம். மாத்திரை போட்டால் எல்லாரையும் போல் இருக்கலாம். ஆக, பெரிய கண்டத்திலிருந்து தப்பினோம். நீ அவ்வளவு தூரம் வர வேண்டிய அவசியமே இல்லை.

மேதாவும் சமாதானமாகிவிட்டாள். சரோஜினி நகர் போய் இரண்டு குர்த்தா வாங்கி வந்தாள். நான் கூடவே போனேன், அவள் வேகமாக நடந்தபோதெல்லாம் கையைப் பிடித்து இழுத்தேன். "அம்மா, எல்லாரும் பாக்கறா" என்று சிரிக்கிறாள்.

அனிருத்துக்கும் ஒரு ஈ.சி.ஜி. எடுத்து வையேன். சும்மாத்தான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எடுத்து வைப்பது நல்லது.

ராஜி


பாளையங்கோட்டை
2.9.2025

அன்புள்ள அக்கா, நமஸ்காரம். குழந்தைக்கு ஆபத்து விலகியது என்று படித்ததும் அழுதுவிட்டேன். நீங்கள் இருவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஈ.சி.ஜி. எடுத்தாயிற்று. எல்லாம் சரியாக இருக்கிறதாம். "நீஞ்சற பையன் நெஞ்சு இரும்பு மாதிரி இருக்கு, எதுக்கும்மா கூட்டிட்டு வந்தீங்க?" என்று டாக்டர் என்னைத்தான் கேலி பண்ணினார். அனிருத் வீடு வரைக்கும் அதையே சொல்லிக்காட்டிக்கொண்டு வந்தான்.

அது சரி அக்கா, எதற்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னாய்? நீ "சும்மாத்தான்" என்று எழுதினால் அந்த வரியை நான் இரண்டு தடவை படிக்கிறேன். சும்மா ஒரு காரியம் பண்ணுகிறவளா நீ?

உன்,
சியாமளா


கிட்வாய் நகர்
5.10.2025

சௌபாக்கியவதி சியாமளாவுக்கு ஆசீர்வாதம். பதில் போட ஒரு மாதமாகிவிட்டது, மனசில் வைத்துக்கொள்ளாதே. கொலு வைத்து எடுப்பதற்குள் இடுப்பு ஒடிந்துவிட்டது. எதிர் பிளாக் பஞ்சாபி மாமி தினம் வந்து சுண்டலைச் சாப்பிட்டுவிட்டு, "அச்சா ஹை, அச்சா ஹை" என்று டப்பாவிலும் வாங்கிக்கொண்டு போனாள். உன் அத்திம்பேருக்கு அடுத்த வருஷம் ரிடையர்மென்ட், குவார்ட்டர்ஸைக் காலி பண்ண வேண்டும், அந்தக் கவலை வேறு. மேதா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாள், நன்றாக இருக்கிறாள்.

மலை மந்திர் கோயில் பக்கத்தில் ஒரு ஜோசியர் இருக்கிறார். பிள்ளைகளுக்கு ஒன்றும் குறையில்லையே என்று பார்க்கலாமென எல்லார் ஜாதகத்தையும் கொண்டுபோய்க் காட்டினேன். அனிருத்துக்குத் தண்ணீரில் கண்டம் இருக்கிறதாம். இருபத்தைந்து வயது வரைக்கும் ஆறு, குளம், கிணறு எதிலும் இறங்கக் கூடாது என்று அடித்துச் சொல்கிறார். நீச்சலை நிறுத்திவிடேன். செஸ் ஆடட்டும், கேரம் ஆடட்டும். பெரியம்மா சொன்னால் கேட்பான். நிறுத்திவிட்டேன் என்று ஜல்தி ஒரு வரி எழுது, எனக்குத் தூக்கம் வரும்.

ராஜி


பாளையங்கோட்டை
14.10.2025

அன்புள்ள அக்காவுக்கு நமஸ்காரம். தீபாவளிக்கு மேதாவுக்குப் புடவை அனுப்பியிருக்கிறேன். சித்தி கொடுத்ததென்று சொல்லிக் கொடு.

உன் கடிதத்தைப் பார்த்துவிட்டு இவர் நடுங்கிப்போய், சந்நிதித் தெரு ஜோசியரிடம் ஓடினார். அவர் கட்டத்தைப் பார்த்துவிட்டு, "கண்டமா? எவன் சொன்னான்? பையனுக்கு ஜலத்துலதான் யோகமே" என்றாராம். சந்தோஷத்தில் இவர் திரும்பி வரும்போதே அவனுக்குப் புதிதாக நீச்சல் கண்ணாடி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். நவம்பர் 22 சென்னையில் போட்டி. காலை, மாலை இரண்டு வேளையும் பயிற்சி.

கண்டம் என்று நீ எழுதினதும் எனக்கு நம்மோடு பிறந்த அம்பி ஞாபகம் வந்துவிட்டது. பதினாறு வயசுப் பிள்ளை, தாமிரபரணியில் அக்கரைக்குப் போய்த் திரும்புகிறவன், இடுப்பளவுத் தண்ணீரில் எப்படிப் போனான்? சுழல் இழுத்தது என்றார்கள். அந்த இடத்தில் ஏது சுழல் என்று அம்மா கடைசி வரைக்கும் கேட்டுக்கொண்டே போனாள்.

அக்கா, எனக்கு உன்னைத் தெரியும். நீ ஜோசியர் வீட்டு வாசல்படியை மிதிக்கிறவளே இல்லை. என் கல்யாணத்துக்கே பொருத்தம் பார்க்க வேண்டாம் என்று சண்டை போட்டவள். எதையோ மென்று முழுங்குகிறாய். என்ன அது?

சியாமளா


கிட்வாய் நகர்
3.11.2025

சியாமளா, நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும். உன் பிள்ளையும் இருக்க வேண்டும். வேறு நலம் எதுவும் எனக்கு விசாரிக்கத் தோன்றவில்லை.

இன்று காலை போனில், "அனிருத்தைத் தண்ணியில எறங்க விடாதே" என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று நீ கேட்பதற்குள் மேதா ரூமிலிருந்து வந்துவிட்டாள், வைத்துவிட்டேன். ஏன் என்பது இதுதான்.

ஆகஸ்ட்டில் நான் எழுதியது பாதிதான். அன்றைக்கு ஸ்ம்ருதி என்னை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டாள். குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென்று போயிருக்கிறார்களா என்று முன்னமே கேட்டிருந்தாள், நான் அம்பியைச் சொல்லியிருந்தேன். அதுதான் அவளை உறுத்தியிருக்கிறது. "புரா மத் மானியே, ஆன்ட்டி" என்று ஆரம்பித்தாள், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று. மேதா நான் பெற்ற பெண்தானா என்று கேட்டாள். சொந்தத்தில் எடுத்து வளர்த்த குழந்தையென்றால் இந்த ரிப்போர்ட்டுக்கு அர்த்தமே இல்லையாம். பெற்றவர்களில் ஒருத்தருக்கு இது இருக்கலாம், அவர்களுக்குப் பிறந்த மற்றக் குழந்தைகளுக்கும் பாதிக்குப் பாதி வரலாம். சில பேருக்கு ஈ.சி.ஜி.யில் தெரியவே தெரியாதாம். ரத்தத்தில் பார்த்தால்தான் உண்டாம்.

"அக்கா தங்கைன்னா ஒரே ரத்தம்தானேம்மா?" என்று நான் யாரையோ சொல்வதுபோலக் கேட்டுப் பார்த்தேன். இல்லையாம். அம்மாவிடமிருந்து எனக்கு வந்த பாதி வேறு, உனக்கு வந்த பாதி வேறாம். என்னிடம் இல்லாதது உன்னிடம் இருக்கலாமாம். நான் என்ன பண்ணினேன் தெரியுமா? "நஹீ நஹீ, ஹமாரீ ஹீ பச்சீ ஹை" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு வந்துவிட்டேன். எங்கள் குழந்தைதான் என்று.

அம்பியைச் சுழல் இழுக்கவில்லை என்றுதான் இப்போது தோன்றுகிறது. நீந்தும்போது நெஞ்சு நின்றிருக்கிறது.

ஆகஸ்ட்டிலேயே உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நீ டெஸ்ட் பண்ணுவாய், மேதாவின் ரிப்போர்ட்டைக் கேட்பாய், அவள் ஏன் என்பாள். தெரிந்தபிறகு அவள் என்னை அம்மா என்று கூப்பிடுவாளா? இந்த ஒரு பயத்தில், ஈ.சி.ஜி. என்றேன், ஜோசியர் என்றேன். அப்படி ஒரு ஜோசியரே கிடையாது. ஈ.சி.ஜி. நன்றாக இருக்கிறதென்று நீ எழுதினபோது அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அவன் தினம் தண்ணீரில் இறங்குகிற நேரத்துக்கு இங்கே நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அவனைத் தண்ணீரிலிருந்து வெளியே எடு.

ராஜி


பாளையங்கோட்டை
10.11.2025

அக்கா,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

அவனை நிறுத்தியாயிற்று. ஏன் என்று சொல்லாமல் நிறுத்தினதால் என்னோடு பேச மாட்டேன் என்கிறான். டாக்டரிடம் போனேன். பெரியப்பா பெண்ணுக்கு என்றுதானே சொல்ல முடிந்தது? அவளுடைய அப்பா அம்மாவுக்கே இல்லையென்றால் இவனுக்கு எதற்கு என்று திருப்பி அனுப்பிவிட்டார். சொந்த அக்கா என்று சொல்ல வேண்டும். மேதாவின் ரிப்போர்ட் வேண்டும்.

உனக்குப் பிள்ளை இல்லையே என்று என் தலைச்சன் குழந்தையை உன் மடியில் போட்டேன். நீ சின்னவள், உனக்கு இன்னொன்று பிறக்கும் என்று என்னிடம் எல்லாரும் சொன்னார்கள். அந்த இன்னொன்று பிறக்க எனக்கு ஏழு வருஷம் ஆயிற்று. அப்போதுகூட நான் உன்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அந்த ஒருத்தனையும் உன் அம்மா பட்டத்துக்காகத் தண்ணீரில் விட்டுவைத்தாயா?

இந்த மாதம் முடிவதற்குள் நீ அவளிடம் சொல்லு. இல்லையென்றால் நான் சொல்வேன்.

சியாமளா


கிட்வாய் நகர்
24.11.2025

சியாமளாவுக்கு, ஆசீர்வாதம் பண்ண எனக்கு யோக்கியதை இருக்கிறதா தெரியவில்லை, ஆனாலும் ஆசீர்வாதம். அனிருத் எப்படி இருக்கிறான்? போட்டிக்குப் போகவில்லையே?

நேற்று சொல்லிவிட்டேன். உன் அத்திம்பேர் பால்கனியில் போய் நின்றுகொண்டார், புகை மூட்டத்தில் வெளியே ஒன்றும் தெரியவில்லை, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் சொன்னேன். சொல்லிவிட்டு அவள் அழுவாள், ஏன் கொடுத்தார்கள் என்று கேட்பாள், அதற்கெல்லாம் பதில் தயார் பண்ணி வைத்திருந்தேன்.

அவள் அதில் எதையும் கேட்கவில்லை. "அப்ப அனிருத்?" என்றாள். "அவன் ஸ்விம் பண்றானே!"

நிறுத்தியாயிற்று என்றேன்.

"எப்ப?"

இந்த மாசம்தான் என்றேன்.

"உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

பொய் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. ஆகஸ்ட் என்று சொன்னேன்.

"ஆகஸ்ட்லேர்ந்தா? தெரிஞ்சுண்டே அவனை டெய்லி பூல்ல எறங்க விட்டியா? ஒரு டேப்லெட் போறும்மா அவனுக்கு. ஒரு டேப்லெட்! யார் வயித்துல பொறந்தா என்ன, அதை நான் எப்ப வேணா யோசிச்சுப்பேன். அவன் செத்திருந்தா என்ன பண்ணியிருப்பே?"

இவ்வளவு சத்தமாக அவள் என்னிடம் பேசினதே இல்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். எங்கே என்று கேட்டுக்கொண்டு, உன் அத்திம்பேர் லிப்ட் வரைக்கும் பின்னாலேயே போனார். குர்காவ் சிநேகிதிகளுக்கெல்லாம் போன் போட்டுப் பார்த்துவிட்டேன், அங்கே இல்லை. மாத்திரை டப்பாவை எடுத்துப் போயிருக்கிறாள், அது ஒன்றுதான் ஆறுதல். அங்கே வந்தால் சொல்லு. என்னோடு பேச வேண்டாம், மாத்திரை போட்டாள் என்று மட்டும் சொன்னால் போதும்.

ராஜி


பாளையங்கோட்டை
13.12.2025

அன்புள்ள அக்காவுக்கும் அத்திம்பேருக்கும் சியாமளா நமஸ்காரம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும்.

மேதா வந்து சேர்ந்தாள் என்று போனில் ஒரு வரி சொன்னதோடு விட்டுவிட்டேன். கோபம் ஆறட்டும் என்று இருந்தேன். இப்போது முழுக்க எழுதுகிறேன்.

வந்த அன்றைக்கே தன் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் மூன்று பேரையும் ஆட்டோவில் ஏற்றி லேபுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அனிருத்திடம் விஷயத்தை அவளே சொன்னாள். அவன் முழித்துவிட்டு, "இப்பவும் அக்கான்னுதானே கூப்பிடறேன், அதுல என்ன மாறப்போறது" என்றான். நீச்சல் போயிற்றே என்பதற்குத்தான் அழுதான்.

நேற்று ரிசல்ட் வந்தது. எனக்கு இருக்கிறது. அவனுக்கும் இருக்கிறது. இரண்டு பேருக்கும் மாத்திரை ஆரம்பித்தாயிற்று. அந்தப் பையன் மூன்று மாதம் தினமும் குளத்தில் கிடந்தான். உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத மாட்டேன். எழுதினால் பொய்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். லேபில் ரத்தம் எடுக்கிற பெண், என்னைக் காட்டி மேதாவிடம் என்ன உறவு என்று கேட்டாள். இந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை வருஷம் காத்திருந்தேன்! "என்னைப் பெத்தவா" என்றாள் மேதா. அம்மா என்று அந்தப் பெண் எழுதப் போனாள். "பெத்தவான்னு எழுதிக்கோங்கோ. அம்மா டெல்லில இருக்கா" என்றாள்.

சித்தி சித்தி என்று என் முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறாள். காபி கொடுத்தால் தேங்க்ஸ் சொல்கிறாள். "என்னை ஏன் கொடுத்தேள்?" என்று கேட்பாள், கத்துவாள், நான் காலில் விழுந்தாவது அழுது தீர்க்கலாம் என்று காத்திருந்தேன். கேட்கவே இல்லை. நானே ஆரம்பித்தேன். "பரவாயில்லை சித்தி, அப்ப நிலைமை அப்படி" என்று சிரித்துவிட்டாள். விருந்தாளி பேசுகிற மாதிரி இருந்தது. உன் பேச்சை எடுத்தால்தான் முகம் சிவக்கிறது. "எங்கிட்டே மறைச்சுட்டா, எங்கிட்டேயே!" என்று கையிலிருந்த டம்ளரை நங்கென்று வைக்கிறாள். அவளுக்குக் கோபமெல்லாம் உன்மேல்தான் அக்கா. என்மேல் ஒரு துளி இல்லை. அதைப் பார்த்துக்கொண்டு நான் எப்படி இருக்கிறேன் என்று உனக்குப் புரியுமா?

வெள்ளிக்கிழமை ரயில் ஏற்றிவிடுகிறோம். ஞாயிறு சாயங்காலம் நிஜாமுதீன். அத்திம்பேரை அனுப்பாதே, நீயே ஸ்டேஷனுக்குப் போ. உன்னைத் திட்டுவதற்குத்தான் வருகிறாள். பதில் பேசாமல் வாங்கிக் கட்டிக்கொள்.

சியாமளா